ட்ரோம்சோவிலிருந்து லாங்இயர்பியன்: ஸ்கேலா, டிக்கெட்டா?

கேள்வி: என் மகள் நார்வேயில் ட்ரோம்சோ நகரில் படிக்கிறாள். பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்காக ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்இயர்பியனுக்குப் போகிறாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 3,500 கிலோமீட்டர் வருகிறது. விமான டிக்கெட்டில் 1 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறதே, எது சரி?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: டிக்கெட்தான் சரி, சகோதரி. நீங்கள் அளந்ததிலும் தப்பில்லை. படம் அப்படி. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க 1569இல் மெர்கேட்டர் கண்டுபிடித்த முறையில் வரைந்த படமாக இருக்க வேண்டும். அதில் வடக்கே போகப் போக எல்லாம் இழுத்து நீட்டப்பட்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பொருந்தும் அளவுகோலை அங்கே வைத்தால், இருப்பதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் காட்டும்.

முப்பது வருடம் புவியியல் பாடம் நடத்தியவன் நான். அந்தக் காலத்து உலக உருண்டை இன்னும் என் மேஜையில் இருக்கிறது. குறுக்களவு 30 சென்டிமீட்டர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தையல் நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். இரண்டேகால் சென்டிமீட்டர்தான். இந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கினால் 960 பக்கம் வருகிறது.

நூல் இல்லாமலும் பார்க்கலாம். ட்ரோம்சோ 69.7 டிகிரி வடக்கு, லாங்இயர்பியன் 78.2. வித்தியாசம் எட்டரை டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர். ஆக, 950க்குச் சற்றுக் குறைவு. தீர்க்கரேகையிலும் மூன்றரை டிகிரி வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிவிடுவதால் அது சேர்ப்பது கொஞ்சம்தான்.

சரி, நேரம்? ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 72 நிமிடம் போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் 1 மணி 40. இரண்டு ஊரிலும் ஒரே கடிகார நேரம் என்பதால் அதில் குழப்பமில்லை.

ஒன்றை மட்டும் மகளிடம் அவசியம் சொல்லுங்கள். ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் வராது. ட்ரோம்சோவில் பாஸ்போர்ட் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும். திரும்பி வரும்போதும் அவை வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் சங்கடம்.

பிப்ரவரி தொடக்கம் என்றால் விமானம் இறங்கும்போது அங்கே சூரியன் இருக்காது. அக்டோபர் கடைசியில் மறைந்த சூரியன் பிப்ரவரி நடுவில்தான் தொடுவானத்துக்கு வரும். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 வாக்கில் ஆகிவிடும். அன்றைக்கு ஊர் முழுக்கப் பழைய மருத்துவமனையின் படிக்கட்டருகே கூடி, முதல் வெயில் அந்தப் படியில் விழக் காத்திருப்பார்கள். உங்கள் மகள் அப்போது அங்கேதான் இருப்பாள். ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அம்மா.