செயலியிடம் சரளம், ஆளிடம் திக்கல்: ஜெர்மன் பேச்சுப் பயிற்சியில் என்ன குறை?

கேள்வி: ஜெர்மனியில் செவிலியர் வேலைக்காக ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) படிக்கிறேன். செல்போனில் ஏஐ கதாபாத்திரத்துடன் தினமும் பேசுகிறேன், சரளமாக வருகிறது. வகுப்பில் எதிரே ஆள் உட்கார்ந்தால் திக்குகிறது. ஏன்?

பதில்: அந்தக் கதாபாத்திரம் உங்களுக்கு விட்டுக்கொடுத்தே பழகியது. ‘போனேன்’ என்பதற்கு ‘பின் கெகாங்கன்’ என்று சொல்லாமல் ‘ஹாபே கெகாங்கன்’ என்றாலும் பொருளை ஊகித்துப் பதில் சொல்லிவிடும். எந்த யோசனைக்கும் ‘அருமை’ என்று தலையாட்டும். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் பி1 பேச்சுத் தேர்வில் முதல் பகுதியே, உடன் தேர்வெழுதுபவரோடு பேசி ஒன்றைத் திட்டமிடுவது. மறுப்பு வரும், பதில் யோசனை சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு இல்லை.

ஆகவே பேச்சைத் தொடங்குமுன் கதாபாத்திரத்துக்கு இப்படிக் கட்டளை கொடுங்கள்: ‘நீ என்னோடு பி1 படிப்பவள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதே. என் முதல் இரண்டு யோசனைகளைக் காரணம் சொல்லி மறு. நடுவில் திருத்தாதே.’ சூழல் எளிதாக இருக்கட்டும்: மருத்துவமனையில் இருக்கும் தோழியைப் பார்க்க எப்போது போவது, எதில் போவது, என்ன வாங்குவது. மூன்று நிமிடம் போதும். முடிந்ததும் முக்கியமான மூன்று பிழைகளை மட்டும் கேளுங்கள். நீங்கள் சொன்ன வாக்கியமும் திருத்தமும் அருகருகே வரட்டும். உடனே அதே சூழலை மறுபடி பேசுங்கள். பலரும் இதைச் செய்யாமல் புதுத் தலைப்புக்குத் தாவிவிடுகிறார்கள்; திருத்தம் நாக்கில் படிவது இந்த இரண்டாவது சுற்றில்தான். சில நேரம் செயலி சரியான வாக்கியத்தையும் பிழை என்று காட்டும். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

வினைச்சொல்லை யோசிக்க நிறுத்தும்போது செயலி குறுக்கே பேசுகிறதா? மௌனத்தைப் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்திப் பேசும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள்.

உச்சரிப்புக்கு அதன் பாராட்டை நம்ப வேண்டாம். பல செயலிகள் குரலை எழுத்தாக்கி, அந்த எழுத்தை மட்டுமே பார்க்கின்றன. வாக்கியத்தை வைத்துச் சொல்லை ஊகிக்கின்றன. ‘அறிந்திருத்தல்’ என்ற பொருளுள்ள கென்னன், ‘இயலுதல்’ என்ற பொருளுள்ள, உதடு குவித்துச் சொல்லும் கொன்னன் இரண்டையும் வாக்கியமில்லாமல் தனித்தனியாகச் சொல்லி, திரையில் எது விழுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் விழுந்தால் உதடு போதுமான அளவு குவியவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாளாவது வகுப்புத் தோழர் ஒருவரோடு இதே சூழல்களை நேரில் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசும் கூச்சத்தைச் செயலியால் போக்க முடியாது.