ஹன்டர் செமியோன் புளிக்கிறதா? பாட்டில் கெடவில்லை

வணக்கம். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் வாங்கிய, செமியோன் என்ற திராட்சையின் இரண்டு வயது வெள்ளை ஒயின் தண்ணீராக இருக்கிறது, எலுமிச்சைப் புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது, வெயில் ஊரில் விளைந்தது ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். பாட்டில் கெடவில்லை. இளசாக இருக்கும்போது அந்த ஒயினின் இயல்பே அதுதான்.

சிட்னிக்கு வடக்கே இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் கோடையில் சூடும் அதிகம், புழுக்கமும் அதிகம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் குலை அழுகிவிடும். செமியோனுக்குத் தோல் வேறு மெல்லியது. அதனால் பெரும்பாலும் ஜனவரியிலேயே, சர்க்கரை முழுசாக ஏறும் முன்பே பறித்துவிடுகிறார்கள். ஆல்கஹால் 10, 11 சதவீதத்தோடு நிற்கிறது. புளிப்பு அப்படியே தங்கிவிடுகிறது.

அந்தப் புளிப்புதான் ஒயினை நெடுநாள் தாங்குகிறது. 10 ஆண்டு கழித்துத் திறந்தால் நிறம் பொன்னாகியிருக்கும். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி வாசனை வரும், பின்னாலேயே தேன். இப்படி வாசனை தரும் ஓக் மரப் பீப்பாயையே பார்க்காத ஒயினில் இது எப்படி வருகிறது என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

மீதிப் பாட்டில்களை வெளிச்சம் படாத, 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சியுள்ள இடத்தில் வையுங்கள். சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். திருகு மூடி என்றால் நிற்கவைத்தாலும் சரி.

திறந்ததை நன்றாகக் குளிரவைத்து, பச்சைச் சிப்பியோடோ வறுத்த மீனோடோ குடித்துப் பாருங்கள், அந்தப் புளிப்பு பொருந்திப் போகும். அப்புறம், டிரல்ஸ் நிறுவனத்தின் 'வாட் 1' போன்ற ஹன்டர் செமியோன்கள் சில ஆண்டுகள் முதிர்ந்த பிறகே கடைக்கு வருகின்றன. காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் அதில் ஒன்றை வாங்குங்கள்.