பி.காம். முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கும் தம்பிக்கு முதல் வேலை கிடைக்க நான் என்ன செய்யலாம்?

"தினமும் நாலைந்து இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறான், ஒரு பதிலும் வருவதில்லை, இப்போதெல்லாம் என்னிடம்கூடச் சரியாகப் பேசுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு நடந்ததையே சொல்கிறேன். உங்கள் தம்பியும் பி.காம். என்பதால் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 17 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கம் நானும் உட்காருவேன்.

அந்தப் பெண்ணின் அப்பா ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறவர். 2019-ல் பி.காம். சேர்ந்து 2022-ல் முடித்தாள். கொரோனா காலத்து பேட்ச் என்பதால் பாதிப் படிப்பு செல்போனிலேயே போனது. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முடித்த கையோடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதினாள். 2022 ஜூலையில் நடந்த தேர்வு அது. முதலில் அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ரிசல்ட் வந்தது 2023 மார்ச்சில். அந்த எட்டு மாதமும் "ரிசல்ட் வரட்டும்" என்றே ஓடிவிட்டது. வந்தபோது அவள் எண் அதில் இல்லை. அடுத்த வாரம் அவள் அம்மா கீழே வந்து, "ஏனுங்க்கா, உங்க கம்பெனியில ஏதாச்சும் பாத்துச் சொல்லுங்க, புள்ள ரூமை விட்டே வரமாட்டேங்கறா" என்றார்.

நானும் எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். அவள் ரெஸ்யூமை வாங்கி, தெரிந்த ஆறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நல்ல பொண்ணுங்க, பி.காம். முடிச்சிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று எழுதினேன். ஆறு பேரும் மரியாதையாகப் "பார்க்கலாங்க" என்றார்கள். அதோடு சரி. யோசித்துப் பார்த்தால், அதே மாதிரி எனக்கும் வாரத்துக்கு ரெண்டு மூன்று வரும், நானும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "நல்ல பொண்ணு" என்பதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது. அவளுக்கு என்ன செய்யத் தெரியும் என்று எனக்கே தெரியாமல் அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "போனைக் காட்டு கண்ணு" என்றேன். மிஸ்டு கால் பட்டியலில் 0421-ல் தொடங்குகிற எண்கள் ரெண்டு, பெயரில்லாத செல் எண்கள் ஐந்து. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "தெரியாத நம்பர் எடுக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காருங்க்கா" என்கிறாள். வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. பள்ளியில் படிக்கும்போது சொன்ன கட்டளை, 21 வயதிலும் அப்படியே இருந்தது. அப்பாவுக்கும் இது தெரியாது, அவரும் பாவம், கம்பெனியிலிருந்து கால் லெட்டர் வீட்டுக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவரிடம் பேசி அதை மாற்றினோம். உங்கள் தம்பி போனையும் ஒரு தடவை பாருங்கள். மெயிலில் ஸ்பாம் பகுதியையும் பாருங்கள்.

ரெஸ்யூம் மூன்று பக்கம் இருந்தது. மதம், அப்பா பெயர், பாட்டு கேட்பது பொழுதுபோக்கு, "சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு" என்று எங்கிருந்தோ எடுத்த வரி, எல்லாம் இருந்தது. டேலி என்கிற கணக்கு மென்பொருள் தெரியும் என்பது மட்டும் மூன்றாம் பக்கத்தில் கடைசியில். ஒரே பக்கமாகக் குறைத்தோம், அரை மணி நேர வேலை. ரெஸ்யூமுக்கு அதற்கு மேல் நேரம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுதுவதற்கு உள்ளே சரக்கு வேண்டும், அதுதான் முக்கியம்.

சரி, அந்தச் சரக்கு எங்கிருந்து வரும்? வேலை செய்தால்தான் வரும். வேலை கிடைத்தால்தானே வேலை செய்ய முடியும் என்று அவளும் கேட்டாள். எங்கள் கம்பெனிக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட முடியாது, அது தவறு. ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். வயர், சுவிட்ச், பல்பு என்று மாதம் 30, 40 பர்ச்சேஸ் பில் வரும். அவரிடம் கேட்டு, ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். டேலியைப் பணம் கட்டாமல் எஜுகேஷன் மோடில் போட்டுக்கொள்ளலாம். அதில் மாதத்தின் 1, 2 மாதிரி ஒருசில தேதிகளில்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும், உண்மைத் தேதியைப் பதிவின் கீழே குறிப்பு எழுதுகிற நரேஷனில் எழுதிக்கொள் என்றேன்.

முதல் பில்லுக்கு 25 நிமிடம் ஆனது. ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி எங்கே போடுவது, பைசாவை முழு ரூபாயாக்கும் ரவுண்ட் ஆஃப் எங்கே போவது, சப்ளையர் திருப்பி எடுத்த சரக்குக்கு என்ன பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கல்லூரியில் மூன்று வருடம் பற்று வரவு படித்த பெண்தான், நல்ல மார்க்கும் எடுத்தவள். ஆனால் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நிஜ பில் அதுவரை அவள் கைக்கு வந்ததே இல்லை. மூன்று வாரம் கழித்துக் கேள்விகள் குறைந்தன. ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு அவளாகவே இறங்கி வந்தாள்.

"அக்கா, பிப்ரவரியில ஒரு பில்லு 2பி-ல வரவே இல்லீங்க. மார்ச்சு 2பி-லயும் இல்லீங்க."

கணக்கு வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சரக்கு விற்றவர் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் ஏற்றிய பில்கள் 14-ம் தேதி நாம் வாங்கியவற்றைக் காட்டும் 2பி அறிக்கையில் வந்து நிற்கும். அதை வைத்துத்தான் நாம் 20-ம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டு, வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். 2022 ஜனவரியிலிருந்து, 2பி-யில் இல்லாத பில்லுக்கு வரியைக் கழிக்க முடியாது. அவள் கண்டுபிடித்த பில் 6,000 ரூபாய் சரக்கு, 18 சதவீதத்தில் 1,080 ரூபாய் வரி. என் வீட்டுக்காரருக்கு அது போனதே தெரியாது.

"நீயே போன் பண்ணிக் கேளு" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்து கோயமுத்தூர் மொத்த வியாபாரிக்குக் கூப்பிட்டாள். "சார், திருப்பூர் கடையில இருந்து பேசறனுங்க. பிப்ரவரி பில்லு ஒண்ணு உங்க ஆர்1-ல விட்டுப் போயிருக்குங்க, நம்பர் சொல்றனுங்க" என்றாள். அந்தப் பக்கம் இருந்தவர் பார்த்துவிட்டு, விட்டுப்போனது உண்மைதான், அடுத்ததில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அடுத்த மாதம் 2பி-யில் அந்தப் பில் வந்தது. அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினாள். பட்டம் வாங்கிய போட்டோவைக்கூட அவள் எனக்கு அனுப்பியதில்லை.

அப்புறம்தான் எங்கள் பழக்கத்தில் இருக்கும் ஆடிட்டரிடம் மறுபடி பேசினேன். முன்பு நான் ரெஸ்யூம் அனுப்பிய ஆறு பேரில் அவரும் ஒருவர். இந்த முறை, "மூன்று மாதப் பர்ச்சேஸை டேலியில் ஏற்றி 2பி-யோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள், விட்டுப்போன பில்லை அவளே போன் செய்து வரவைத்தாள், ஜூலை சீசனுக்கு ஒரு ஆள் வேண்டுமா?" என்று கேட்டேன். அன்றைக்கே வரச் சொன்னார். அந்த வருடம் ஜூலை 31 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள், செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட்டுக்கு, அதாவது வரிக்கான கணக்குத் தணிக்கைக்கு. அந்த மூன்று மாதம் எல்லா ஆடிட்டர் ஆபீசிலும் ஆள் பற்றாது. ஒருநாளைக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள். சம்பளம் கொடுக்காத இடமாக இருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன். பழகுவதற்கு வீட்டில் இடம் இருக்கிறது, வெளியே போய் உழைத்தால் அதற்குக் காசு வர வேண்டும்.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம். ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. பேங்க்கில் வேலை உறுதி, 15,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், வேலைக்குச் சேர்ந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். அவள் அம்மா காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்கத் தயாராகிவிட்டார். நல்ல வேளை, போவதற்கு முன் என்னிடம் சொன்னார். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

செப்டம்பர் கடைசியில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் இன்டர்வியூ. முந்தின நாள் எங்கள் வாசலில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போட்டு ஒத்திகை பார்த்தோம். இங்கிலீஷ் வராது என்று அழுதாள். இந்த ஊர் கணக்கு இன்டர்வியூ முக்கால்வாசி தமிழில்தான் நடக்கும், முதலில் தமிழில் நிதானமாகச் சொல்லிப் பழகு என்றேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் ஊர், அப்பா, கூடப் பிறந்தவர்கள் என்று ஆரம்பிக்காமல் அந்த 1,080 ரூபாய் கதையைச் சொல்லச் சொன்னேன். மறுநாள் அங்கே அவளிடம், "2பி-யும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரும் ஒத்துப் போகலைன்னா என்ன பண்ணுவ?" என்றே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் எப்போது சேருவாய் என்று கேட்டுவிட்டார்களாம். அவள் அப்பா துணைக்குப் போயிருந்தார், ஆனால் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்காரச் சொல்லியிருந்தேன். பெற்றவர்கள் உள்ளே வந்து பேசினால் பிள்ளை இன்னும் சின்னப் பிள்ளையாகத்தான் தெரியும்.

உங்கள் தம்பிக்கும் இப்படி ஒரு நிஜ வேலையைத் தேடிக் கொடுங்கள். பக்கத்து மளிகைக் கடையின் பில்லாக இருக்கலாம், சித்தப்பாவின் லாரி வாடகைக் கணக்காக இருக்கலாம், உங்கள் தெருக் கோயில் திருவிழா வரவு செலவாகக்கூட இருக்கலாம். கூட உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் மட்டும் வேண்டும், உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

மற்றவற்றையும் விட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். பல மாவட்டங்களில் அந்த அலுவலகத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் சின்ன அளவில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். பெரிய முகாம் கூட்டத்தைவிட அங்கே நின்று பேச முடியும். மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கும் ஒரு வருடப் பயிற்சி உண்டு, 2019-ல் வந்த விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாயாக இருந்தது. அது நிரந்தர வேலை இல்லை என்றாலும் அடுத்த இடத்தில் சொல்வதற்கு ஒரு வருட அனுபவம் கையில் இருக்கும். அரசுத் தேர்வு எழுத ஆசை என்றால் தாராளமாக எழுதட்டும், ஆனால் ரிசல்டுக்காகச் சும்மா காத்திருக்க விடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு என்னாச்சு?" என்று யாரும் கேட்க வேண்டாம். மாடி வீட்டில் அதை நிறுத்தச் சொன்னேன். ஞாயிறு சாயங்காலம் மட்டும் நானும் அவளும் பேசுவோம், மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சே கிடையாது. ரெண்டாவது வாரத்திலேயே அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக அவள் அம்மா சொன்னார்.

அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் 13,000. நவம்பரில் அக்கவுண்டில் வந்தது 11,342. அவள் அம்மா பதறிப்போய்க் கீழே வந்தார், "பதிமூணுன்னு சொல்லிட்டு ஏமாத்திப் போட்டாங்களாட்டம் இருக்குதுங்க்கா" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே இறங்கி வந்த பெண், படியில் உட்கார்ந்து பே சிலிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "பிஎஃப் 12 பர்சென்ட்டு, 1,560. அதே அளவு கம்பெனியும் போடும்மா, அது நம்ம காசு, எங்கயும் போகாது. இது இஎஸ்ஐ, 98 ரூவா. எனக்கு உடம்பு சரியில்லைன்னா இனிமே இந்தக் கார்டுல பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ வைத்தேன்.