அந்த ஏழு பாட்டில்களை முதலில் உள்ளே வையுங்கள்

கேள்வி: எனக்கு 23 வயது. முகத்துக்குச் சோப்பு, கண்ணுக்கு மை, இதைத் தாண்டி இதுவரை எதையும் தொட்டதில்லை. அடுத்த மாதம் வேலையில் சேரப் போகிறேன். கொஞ்சம் நன்றாகத் தெரிய வேண்டுமே என்று வீடியோக்களைப் பார்த்து, சேர்த்து வைத்திருந்த பணத்தில் 11 பொருள்கள் வாங்கினேன். ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், டோனர், வைட்டமின் சி சீரம், ஆசிட் சீரம், ரெட்டினால், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், மஸ்காரா, அப்புறம் ஒரு கெரட்டின் ஷாம்பு. போன வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தேன். ஐந்தாம் நாளிலிருந்து முகம் எரிகிறது, கன்னம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கிறது. ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் பூசியது போலத் தெரிகிறேன். போதாததற்கு மூன்று வாரமாக முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஷாம்புதான் காரணமோ? (மூன்று மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.) முதலிலிருந்து சொல்லித் தருவீர்களா, அக்கா?
– பெயர் வேண்டாமே

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரிதான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எரிகிற முகத்தைப் பார்ப்போம்.

ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஷாம்பு. இந்த நான்கும் வெளியே இருக்கட்டும். மற்ற ஏழையும் அலமாரிக்குள் வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், கண்ணில் படாமல் இருந்தால் போதும். நான்கு வாரத்துக்கு அவற்றுக்கு லீவு.

நீங்கள் வாங்கியதில் மட்டமான பொருள் என்று எதுவும் இல்லை. ஆனால் ஸ்க்ரப், ஆசிட், ரெட்டினால் மூன்றும் வேறு வேறு வழியில் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. ஸ்க்ரப் மேல்தோலைத் தேய்த்து எடுக்கிறது. ஆசிட் இறந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்தி உதிர்க்கிறது. ரெட்டினால் அடியிலிருந்து புதுச் செல்களை வேகமாக மேலே தள்ளுகிறது. நம்மைக் காக்கும் அந்த மேலடுக்கு, ஒரு சாதாரணத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதை மூன்று பேர் சேர்ந்து ஒரு வாரம் சுரண்டினால் எரியாமல் என்ன செய்யும்? உங்கள் வயதில், அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதனால்தான் நான்கு வாரம் லீவு என்றேன்.

‘ரெட்டினால் போட்டால் முதலில் பரு வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அப்படி வருவது வழக்கமாகப் பரு வரும் இடத்தில்தான் வரும், எரியாது. உங்களுக்கு எரிகிறது. எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த நான்கு வாரத்துக்குக் காலையில் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். இரவில் ஃபேஸ்வாஷ். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. கழுவி முடித்ததும் முகம் இறுக்கிப் பிடித்தாற்போல இருந்து, விரலால் தடவினால் ‘கீச்’ என்று சத்தம் வந்தால், சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். சருமத்துக்கே வேண்டிய எண்ணெயும் சேர்ந்து போய்விட்டது என்று பொருள். இதுவரை போட்ட சோப்பை ஏன் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை என்றால், நம் சருமத்தின் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று சொல்லும் அளவு) 5-க்குப் பக்கத்தில், லேசான அமிலத் தன்மையோடு இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். நல்ல நாளில் உங்கள் முகம் அதைத் தாங்கியிருக்கும். இப்போது தாங்காது.

துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன்பே மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. எண்ணெய் வழியும் முகத்துக்கு இது வேண்டாம் என்பார்கள். வேண்டும், ஜெல் மாதிரி லேசானதாக.

சன்ஸ்கிரீன் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் 11 பொருளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் எடுப்பது இதைத்தான். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று பாட்டிலில் போட்டிருக்கும் எண்தான் எஸ்பிஎஃப். எஸ்பிஎஃப் 30 என்பது வெயிலில் தோலைச் சுட வைக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. எஸ்பிஎஃப் 50 சுமார் 98. ஆக, எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் பெரிய லாபம் கிடையாது. லாபம் அளவில் இருக்கிறது. ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. முதல் நாள் இவ்வளவா என்று மலைப்பாக இருக்கும். வெளியில் இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். உள்ளேயே இருந்தாலும் ஜன்னலோரம் உட்காருபவர் என்றால் காலையில் ஒரு முறையாவது போடுங்கள். கண்ணாடி யுவிபியைத்தான் நிறுத்தும், தோலைக் கறுக்க வைக்கும் யுவிஏ கதிர் உள்ளே வந்துவிடும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பது உண்மை. ஆனால் நம் நிறத்தில் ஒரு பரு வந்து போனால் அது விட்டுச் செல்லும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும். உங்கள் கன்னத்தில் இப்போது இருக்கும் பொரிகளும் ஆறும்போது அப்படிக் கறை விடலாம். அதைத் தடுக்கத்தான் சன்ஸ்கிரீன். போட்டதும் எரிந்தால் மட்டும் அதை மாற்றுங்கள். ஜிங்க் ஆக்ஸைடு இருப்பது பொதுவாகச் சாது. முகத்தில் வெள்ளை பூத்தாற்போல நிற்கும் என்பதுதான் அதன் குறை. அதற்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கிடைக்கிறது. வெள்ளையும் தெரியாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கறுப்பையும் அது குறைக்கும்.

நான்கு வாரம் கழித்து, முகம் அமைதியான பிறகு, அலமாரியிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். எந்தப் புதுப் பொருளாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன வட்டத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். கழுவிவிடும் பொருள் என்றால் முகத்தில் வைத்திருக்கும் நேரம்தான் அங்கேயும். கை ஒன்றும் சொல்லவில்லை என்றால் முகம். அடுத்ததை எடுக்க இரண்டு வாரமாவது போகட்டும். அப்போதுதான் ஏதாவது கோளாறு வந்தாலும் யார் செய்த வேலை என்று தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வைட்டமின் சி-யைக் காலையில், சன்ஸ்கிரீனுக்கு அடியில் போட்டு ஆரம்பிப்பேன். ரெட்டினால் அதற்குப் பிறகு, இரவில், பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டே நாள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் பக்கமே போகக் கூடாது. ஆசிட் போடும் இரவில் ரெட்டினால் வேண்டாம். உண்மையைச் சொன்னால், உங்களுக்குப் பரு தொல்லை இல்லையென்றால் ஆசிட்டே அவசியமில்லை. டோனர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஸ்க்ரப்பை முழங்கைக்கும் குதிகாலுக்கும் கொடுத்துவிடுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

நடுவில் ஒன்று. முகம் இப்படி இருக்கும்போது யாராவது அக்கறையாக ஒரு ட்யூபை நீட்டுவார்கள், ‘ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடும்’ என்பார்கள். வாங்காதீர்கள். அப்படி ஒரு வாரத்தில் எரிச்சலையும் அடக்கி நிறத்தையும் வெளுக்க வைப்பதில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. போடும்வரை முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பரு பொங்கும். அதை அடக்கத் திரும்ப அதையே போட வேண்டியிருக்கும். சில வெளுப்பு கிரீம்களில் பாதரசமே இருப்பது சோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தையே கெடுக்கும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதன் பிஎச் 2-க்குப் பக்கத்தில். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம்கூடக் கிளம்பும்.

சரி, சாம்பல் முகம். இதில் நானே அனுபவசாலி. முதல் ஃபவுண்டேஷனை ஒரு கடையின் மஞ்சள் விளக்கில், புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கினேன். அன்று எடுத்த குழுப் படத்தில் என் கழுத்து ஒரு ஆள், முகம் வேறு ஆள். புறங்கையின் நிறம் முகத்தின் நிறம் இல்லை. தாடை எலும்பின் மேல் மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் காத்திருங்கள், சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப்பட்டு ஒரு ஷேடு கறுக்கும். கழுத்தோடு கலந்து காணாமல் போகும் கோடுதான் உங்களுடையது. சாம்பல் பூத்துத் தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஷேடு வெளுப்பாக இருக்கலாம். அல்லது உங்கள் தோலில் மஞ்சளோ பொன்னிறமோ ஓடும்போது ரோஜா சாயல் உள்ளதை எடுத்திருக்கலாம்.

ஆனால் வேலைக்குப் போக ஃபவுண்டேஷன் எதற்கு? 23 வயதில் முகம் முழுக்க ஒரு நிறத்தை அப்ப வேண்டிய தேவையே இல்லை என்பது என் கட்சி. கன்சீலரைக் கண்ணுக்கடியிலும் தழும்பு மேலும் மட்டும் விரல் நுனியால் தட்டித் தட்டிப் போடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். புருவத்தைச் சீவி விடுங்கள். உதட்டில் போட்ட லிப்ஸ்டிக்கையே துளி எடுத்துக் கன்னத்தில் கலந்துவிட்டால் ப்ளஷ் ஆயிற்று. மையும் உங்களுக்குப் பழக்கம். மஸ்காராவை எரிச்சல் அடங்கிய பிறகு ஆரம்பியுங்கள். திறந்த மஸ்காராவுக்கு ஆயுள் 3 மாதம், இழுத்தால் 6. தோழிக்கு லிப்ஸ்டிக் கொடுத்தாலும் மஸ்காரா கொடுக்காதீர்கள், கண் நோய் தொற்றும். மற்றவற்றுக்கு, பாட்டிலின் பின்னால் மூடி திறந்த டப்பா படமும் அதில் ‘6எம்’, ‘12எம்’ என்றும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள்.

போட்டதைக் கலைப்பது, போடுவதைவிட முக்கியம். எண்ணெய் வகை க்ளென்சரையோ மைசெல்லார் வாட்டரையோ பஞ்சில் நனைத்து மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் வைத்து, தானாகக் கரைந்ததும் வழித்தெடுங்கள். அதற்குப் பிறகு ஃபேஸ்வாஷ். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மேக்கப்போடு தூங்காதீர்கள்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது! கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர் எடைக் குறைவு போன்றவை வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வில் இருப்பவை இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் ஒன்றாக உதிரும். அதனால்தான் யாருக்கும் காய்ச்சல் ஞாபகம் வருவதில்லை, அன்று வாங்கிய ஷாம்பு மாட்டிக்கொள்கிறது. உங்கள் கணக்கையே பாருங்கள். முடி கொட்ட ஆரம்பித்து மூன்று வாரம், ஷாம்பு வந்து ஒரு வாரம். பாவம், அதை விட்டுவிடுங்கள். வேர் சாகவில்லை, முடி திரும்ப வரும். சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நிற்கும். மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால், அல்லது வட்டமாகச் சொட்டை விழுந்தால் மருத்துவரிடம் போங்கள். இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்வார்.

கெரட்டின் ஷாம்பு முடியை ‘ஊட்டி வளர்க்கும்’ என்று எழுதியிருக்கும். தலைக்கு வெளியே இருக்கும் முடி உயிரில்லாத நார், அதற்கு ஊட்ட முடியாது. மேலே ஒரு பூச்சாகப் படிந்து பளபளப்புக் கொடுக்கும், அவ்வளவுதான், அதுவும் நல்லதுதானே. ஷாம்புவை மண்டைத் தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள், நுரை வழிந்து இறங்கினாலே நீளத்துக்குப் போதும். கண்டிஷனர் இதற்கு நேர்மாறு, காதுக்குக் கீழே மட்டும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது, கழுவும் முன் நீளத்தில் தடவினால் புரதம் கழன்று போவதைக் குறைக்கும். பொடுகு இருந்தால் மண்டையில் வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. ஈர முடி சுலபமாக அறுந்துபோகும், பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள். வேலைக்குப் போகிறோம் என்று நெற்றி இழுக்க இறுக்கிக் கட்டும் பழக்கமும் வேண்டாம். வருடக்கணக்கில் அப்படிக் கட்டினால் முன்பக்க முடி ஏறிக்கொண்டே போகும்.

முகத்துக்கு இரண்டு வாரம் பாருங்கள். எரிச்சல் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். நீர் கசிந்தாலோ, கண்ணிமை வீங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். போகும்போது அந்த 11 பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதன் வேலை என்று கண்டுபிடிக்க அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.