ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பல்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வீட்டு வயரிங் வேலை செய்கிறேன், சென்னையில். இப்போதெல்லாம் பாதி வேலை இந்த ஸ்மார்ட் சமாசாரம்தான், அதாவது போன் ஆப்பிலோ குரலிலோ போட்டு அணைக்கிற ஸ்விட்சும் பல்பும்.

வேளச்சேரி நண்பர்: ஹாலில் நாலு ஸ்மார்ட் பல்பு இருக்கிறது. போர்டையும் ஸ்மார்ட் ஸ்விட்சாக மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் அதன் உள்ளே இருக்கிற ரேடியோவுக்குக் கரண்ட் வேண்டும், ஸ்விட்சின் வேலையோ அந்தக் கரண்ட்டை அறுப்பது. சுவரில் தட்டி அணைத்த மறுநிமிடம் ஆப்பில் பல்பு ஆஃப்லைன், குரல் கொடுத்தாலும் எரியாது. நிறம் கிறம் எதுவும் வேண்டாம், தூரத்திலிருந்து போட்டு அணைத்தால் போதும் என்றால் பல்புகளை யாருக்காவது கொடுத்துவிட்டு சாதா எல்இடி மாட்டி, ஸ்விட்சை மட்டும் ஸ்மார்ட் ஆக்குங்கள், ஒரு போர்டில் எல்லாம் முடியும். நிறமும் வேண்டும் என்றால் ஸ்விட்சில் ரிலேவை, அதாவது உள்ளே கரண்ட்டை அறுத்துச் சேர்க்கிற பகுதியை, பட்டனிலிருந்து பிரித்து வைக்கும் வசதி இருக்க வேண்டும். ஷெல்லி கம்பெனி ஸ்விட்சில் டிடாச்டு, அகாரா கம்பெனி ஸ்விட்சில் டீகப்புள்டு என்று பெயர், எல்லா மாடலிலும் கிடையாது, பார்த்து வாங்குங்கள். அதில் கரண்ட் எப்போதும் பல்புக்குப் போய்க்கொண்டிருக்கும், பட்டனைத் தட்டினால் 'அணை' என்ற செய்தி மட்டும் பல்புக்குப் போகும். வைஃபையோ, இவற்றை இணைக்கிற ஹப் பெட்டியோ படுத்துவிட்டால் பட்டனும் வேலை செய்யாது, அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

மதுரை அக்கா: மாமியார் பழக்கதோஷத்தில் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார். டேப் ஒட்டிவிட்டேன், அதையும் பிய்த்துவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை அக்கா, ஸ்விட்ச் இருந்தால் கை போகத்தான் செய்யும். பேட்டரியில் ஓடுகிற வயர்லெஸ் பட்டனை அந்த ஸ்விட்சுக்கு மேலேயே ஒட்டுங்கள், கை அதில் பழகிவிடும். பிலிப்ஸ் ஹ்யூ பல்பு என்றால் 2021இல் வந்த வால் ஸ்விட்ச் மாடுல் இருக்கிறது, நாணயம் மாதிரி வட்டப் பேட்டரியில் ஓடுவது, பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். பல்புக்குப் போகும் ஒயரை நிரந்தரமாக இணைத்துவிட வேண்டும். இணைப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

திருச்சி தம்பி: ஸ்மார்ட் ஸ்விட்சுக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், வேண்டும் என்கிறார்கள், என் போர்டில் அது இல்லை. எர்த் ஒயரை நியூட்ரலாகக் கொடுக்கலாமா?

கூடாது. எர்த்தை நியூட்ரலாக்காதே. போன வருடம் ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் கை சுருக்கென்கிறது என்று கூப்பிட்டார்கள். போர்டைத் திறந்தால் ஸ்மார்ட் ஸ்விட்ச் மாடுலின் 'என்' (நியூட்ரல்) முனையில் பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர், சொருகியிருந்தது. வெளியே எர்த் குழியில் ஒயர் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. ஆக, மாடுலுக்குள் போன ஃபேஸ் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அந்தப் பச்சை ஒயர் வழியாகவே மெஷின் உடம்புக்கு வந்துவிட்டது. ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டு என்றால் அங்கே நியூட்ரல் இருந்தே தீரும், முதலில் அதைத் தேடு, மெயினை ஆஃப் செய்துவிட்டு. படிக்கட்டு டூ-வே போர்டில்தான் பெரும்பாலும் இருக்காது.

கோவை நண்பர்: அப்படியானால் நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி ஸ்மார்ட் பல்போடு போடலாமா?

அது தனக்கான கரண்ட்டை பல்பு வழியாகத்தான் இழுக்கும். ஸ்மார்ட் பல்பு மினுக்கும், இல்லை நெட்வொர்க்கில் சேராது. வேண்டாம்.

சேலம் நண்பர்: கரண்ட் போய் வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லா பல்பும் எரிகிறது.

ஆப்பில் கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்கிற செட்டிங் இருக்கும். 'கடைசி நிலை' வையுங்கள். இன்னொன்று, பல பல்புகள் மூன்று முறை போட்டு அணைத்தால் எல்லாவற்றையும் மறந்து புதிதாகச் சேரக் காத்திருக்கும். பையன் ஸ்விட்சில் விளையாடினாலும் இதே கதிதான்.

தாம்பரம் நண்பர்: எல்லாம் சரி, எப்போதும் கரண்ட்டிலேயே இருந்தால் ஈபி பில் ஏறாதா? வீண் ஆடம்பரம்.

அணைந்திருக்கும்போது பல்புக்கு அரை வாட் என்று வையுங்கள். பத்து பல்புக்கு ஐந்து வாட், இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்.

வேளச்சேரி நண்பர்: ஏழு யூனிட்டுக்கா இவ்வளவு? உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் அதைவிட அதிகம் தின்னும்!

தாம்பரம் நண்பர்: என் பில் 498 யூனிட். ஏழு கூடினால் 505. கணக்குத் தெரிந்தவர் சொல்லட்டும்.

அட, இது நான் யோசிக்காத கேள்வி. இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்குமான சலுகை விலை போய்விடும், அந்த ஏழு யூனிட்டால் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். உங்களுக்கு உங்கள் கணக்கு சரி. ஆனால் 498க்கு வந்ததற்குக் காரணம் பல்பு இல்லை சார், ஏசி.

தாம்பரம் நண்பர்: ஏசி என் மனைவியுடைய விஷயம், அதில் கை வைக்க முடியாது.

மதுரை அக்கா: கை வைக்க முடியாதா, கை வைக்கப் பயமா?

இது வயரிங் விவகாரம் இல்லை, நான் வரவில்லை.

நெல்லை நண்பர்: ஸ்மார்ட் பல்பை டிம்மரில் போடலாமா?

கூடாது. பல்பு போய்விடலாம். பிரகாசத்தை ஆப்பில் குறையுங்கள்.

ஈரோடு நண்பர்: ஃபேனுக்கு ஸ்மார்ட் ரெகுலேட்டர்?

இன்னொரு நாள்.

கடலூர் தம்பி: ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பல்பு ரெண்டும் சேர்த்துப் போடலாமா?

மேலே முதல் கேள்வியைப் படி, தம்பி. எர்த்தைத் தொடாதே.