டாக்கை மூடி ஸ்டேடியம் கட்டலாமா? வாசகர் கேள்விகள், பதில்கள்

இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த எவர்டன் கால்பந்து கிளப், பழைய டாக்கை (கப்பல் நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டியை) மூடிக் கட்டிய புது ஸ்டேடியத்தில் 2025 ஆகஸ்டில் முதல் லீக் ஆட்டம் ஆடி, பிரைட்டனை 2-0 என்று வென்றது. அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பழைய தொழிற்சாலை மனைகளில் மண் ஆய்வு செய்வது என் தொழில். அதனால் கூரையைப் பற்றிக் கேட்டாலும் தரைக்குக் கீழேயே போய் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் நின்ற டாக்கை மண் கொட்டி மூடி, அதன் மேல் 52,000 பேர் உட்காரும் ஸ்டேடியமா? உள்வாங்கிவிடாதா?

கொட்டியது மண் இல்லை, மணல். விஷயமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

லிவர்பூலில் மெர்சி ஆற்றை ஒட்டிய பிராம்லி-மூர் டாக், ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் வடிவமைத்து 1848-ல் திறக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன இடம். 2021-ல் வேலை தொடங்கியதும், உள்ளே இருந்த மீன்களைப் பிடித்து முதலில் இடம் மாற்றினார்கள். பிறகு ஐரிஷ் கடலடியில் அள்ளிய மணலைக் கப்பலில் கொண்டுவந்து, தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக உள்ளே அடித்தார்கள். ஐந்து லட்சம் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் நாற்பதாயிரம் நடைக்கு மேல் வரும். அத்தனை லாரியும் ஊருக்குள் புகாமல் கடல்வழியே முடிந்தது பெரிய காரியம்.

களிமண்ணாக இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மெதுவாக அமுங்கும். மணல் சீக்கிரம் தண்ணீரை விட்டுவிடும். இப்படி நிரப்பிய மணலுக்கு அதிர்வு கொடுத்தால் இன்னும் இறுகும். படியில் அரிசி அளக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் விரல்கடை இறங்குமே, அதேதான். இதற்குப் பிறகும் இருக்கைகளின் பாரத்தையும் கூரையின் பாரத்தையும் மணலை நம்பி யாரும் வைப்பதில்லை. பைல்கள், அதாவது ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்கள், மணலைத் துளைத்துக்கொண்டு கீழே கெட்டியான அடுக்குவரை போகும்.

என் கவலை எப்போதும் ஓரங்களில்தான். பைல் மேல் நிற்கும் கட்டடம் அசையாது, பக்கத்தில் மணல் மேல் கிடக்கும் நடைபாதை கொஞ்சம் இறங்கும். இரண்டும் சந்திக்கும் வாசற்படியில் ஒரு விரல் உயர வித்தியாசம் வந்தால் சக்கர நாற்காலி தட்டும். கீழே குழாய் விரிசல் விடும். இப்படிப்பட்ட ஸ்டேடியத்துக்குப் போனால் அண்ணாந்து பார்க்கும் முன் வாசலில் குனிந்து பாருங்கள்.

கேள்வி: இதனால்தானே லிவர்பூல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது? கால்பந்துக்காக வரலாற்றைப் புதைக்கலாமா?

பழி முழுவதையும் ஸ்டேடியத்தின் தலையில் கட்டுவது சரியில்லை. 2004-ல் பட்டியலில் சேர்ந்த நகரம், 2012-லேயே ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்போது பிரச்சினை ‘லிவர்பூல் வாட்டர்ஸ்’ என்ற பெரிய ஆற்றங்கரைத் திட்டம். ஸ்டேடியத்துக்கு அனுமதி கிடைத்தது 2021 தொடக்கத்தில். அதே வருடம் ஜூலையில் பெயரை அடித்துவிட்டார்கள். ஓமானின் ஓரிக்ஸ் மான் சரணாலயம், ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு, அடுத்து லிவர்பூல்: இப்படி நீக்கப்பட்டவை உலகத்திலேயே மூன்றுதான்.

டாக்கின் கற்சுவர்களை இடிக்கவில்லை. மணலுக்கடியில் அப்படியே இருக்கின்றன. டாக் இயந்திரங்களை நீரழுத்தத்தால் இயக்கிய 1883-ம் ஆண்டின் ஹைட்ராலிக் கோபுரத்தையும் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் தண்ணீர் போய்விட்டது. தண்ணீர் இல்லாத டாக், யானை இல்லாத யானைகட்டி மண்டபம். பழைய கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு இதைச் சொல்லித்தான் எதிர்த்தது, அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்திருந்த வெலிங்டன் டாக்கைக் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக மூடியபோது உலகம் முழுக்க யாரும் கொதிக்கவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அனுமதிதான் கொடுத்திருப்பேன், மனம் உறுத்தலோடு.

கேள்வி: பழைய கேஸ் ஆலை, ரசாயன ஆலை இருந்த மண்ணில் விஷம் இருக்காதா? பிள்ளைகள் உருண்டு விளையாடலாமா?

இருக்கும். எங்கே, எவ்வளவு, நம் உடம்புக்கு எந்த வழியாக வரும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கேஸ் ஆலை மனையில் குழி தோண்டினோம். இரண்டு மீட்டர் ஆழத்தில் மண் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தின் நிறத்தில் இருந்தது. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை இரும்பு ஆக்சைடு வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்வார்கள்; அதிலுள்ள சயனைடு இரும்போடு சேர்ந்து இந்த நீலமாகும். பக்கத்துக் குழியில் பீரோவைத் திறந்தது போல அந்துருண்டை வாசம். அது தாரில் இருக்கும் நாப்தலீன். எங்களுக்கு முன் ஆய்வு செய்த நிறுவனம் மொத்த மனைக்கும் மூன்றே இடத்தில் போர் போட்டு “பிரச்சினை இல்லை” என்று எழுதியிருந்தது. அந்த மூன்று துளைக்கும் நடுவில்தான் நீலம் படுத்திருந்தது.

போர் போடும் முன்பே ஊரின் நூறு வருடப் பழைய வரைபடங்களை விரித்துத் தார்த்தொட்டி எங்கே இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு மோசமான மண்ணை அள்ளிவிடலாம், கழுவலாம், அல்லது மேலே சுத்தமான அடுக்கும் வாயு ஏறாத விரிப்பும் போட்டு மூடலாம். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக ஸ்ட்ராட்ஃபோர்டில் மண்ணை இயந்திரங்களில் போட்டு, எண்ணெய், தார், ஆர்சனிக், ஈயம் எல்லாம் போகக் கழுவி, பெரும்பகுதியைத் திரும்ப அங்கேயே போட்டார்கள். வெஸ்ட் ஹாம் கிளப் இன்று ஆடுவது அந்தப் பூங்காவுக்குள்தான்.

பிள்ளைகள் உருளும் புல்தரைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சுத்தமான மணலும் வேர் மண்ணும். எனக்குப் பயம் கட்டும் காலத்துத் தூசியும், பைல் இறக்கும்போது மேலே உள்ள அழுக்கு நிலத்தடி நீருக்கு இறங்க வழி கிடைப்பதும்தான்.

கேள்வி: அந்த மனையில் ஏற்கெனவே இயங்கும் தொழில்களை என்ன செய்வது?

லண்டன் கிளப்பான ஆர்சனல் கதையைப் பாருங்கள். 2006-ல் திறந்த அதன் எமிரேட்ஸ் ஸ்டேடியம் இருக்கும் ஆஷ்பர்டன் குரோவில், அதற்கு முன் சிறு தொழிற்கூடங்களும் குப்பை மாற்று நிலையமும் இருந்தன. ஊர்க்குப்பை ஒரு நாளும் நிற்காது. அதற்குப் பக்கத்திலேயே ஹார்ன்சி தெருவில் புது இடம் கட்டித் தரவேண்டியிருந்தது. ஸ்டேடியத்துக்கு மட்டும் சுமார் 39 கோடி பவுண்டு என்பார்கள்; இப்படி இடம் மாற்றிய செலவும் தலைவலியும் அந்தத் தொகையில் தெரியாது.

கேள்வி: எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும்?

குறைவாக. ரயிலைக் கேளுங்கள், காரைக் கேட்காதீர்கள்.

பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டியில் உள்ள கணக்கு: ஒரு மீட்டர் அகல சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், அதிகபட்சம் எட்டு நிமிடத்தில் எல்லோரும் இருக்கைப் பகுதியை விட்டுத் தடையில்லாத வெளியேறும் வழிக்கு வந்துவிட வேண்டும். 52,000 பேருக்கு அந்த வழிகளின் மொத்த அகலம் சுமார் 80 மீட்டர். படிக்கட்டில் 66 பேர்தான் போக முடியும் என்பதால் அங்கே 100 மீட்டரைத் தொடும். ஆக, எட்டு நிமிடத்தில் எல்லோரையும் இருக்கைப் பகுதியிலிருந்து கிளப்பியாயிற்று. அப்புறம்? எமிரேட்ஸுக்கு மிக அருகில் உள்ள ஹாலோவே ரோடு நிலையம் இந்தக் கூட்டத்தைத் தாங்காது என்பதால், ஆட்டம் முடிந்ததும் அதையே மூடிவிடுகிறார்கள். கவென்ட்ரியில் பழைய கேஸ் ஆலை மனையில் ஸ்டேடியம் திறந்தது 2005-ல், ரயில் நிலையம் வந்தது 2016-ல். பந்தலைப் போட்டுவிட்டுப் பதினொரு வருடம் கழித்துப் பாதை போட்ட கதை.

கேள்வி: ஸ்டேடியம் வந்தால் ஏரியா வளருமா, வேலை கிடைக்குமா?

தானாக வளராது. பிரீமியர் லீக்கில் ஒரு கிளப்புக்குச் சொந்த மண்ணில் வருடத்துக்கு 19 ஆட்டம். கோப்பை ஆட்டங்களையும் கச்சேரிகளையும் சேர்த்தாலும் மீதி நாளெல்லாம் பூட்டிய கேட்தான். மிடில்ஸ்பரோவில் பழைய டாக் பகுதியில் 1995-ல் ரிவர்சைடு ஸ்டேடியம் திறந்தது. சுற்றிலும் வெற்று மனை பல வருடம் அப்படியே கிடந்தது. மைதானம் பொது முதலீடாக லாபம் தருமா என்று பார்த்த அமெரிக்கப் பொருளாதார ஆய்வுகளும் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குகின்றன.

ஆனால் சண்டர்லாந்தை இதில் சேர்க்க மனம் வரவில்லை. 1993-ல் மூடிய மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் 1997-ல் ஸ்டேடியம் எழுப்பி, வாசலில் சுரங்கத் தொழிலாளியின் டேவி விளக்கைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். லாபக் கணக்கில் அது வராது. அப்பாவும் தாத்தாவும் கீழே இறங்கிய இடத்தில் மகன் மேலே நின்று கத்துகிறான், வராவிட்டால் போகட்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், மண்ணைச் சுத்தம் செய்யும் காசு யாருடையது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். வாஷிங்டனில் 2018-ல் திறந்த ஆடி ஃபீல்டு ஸ்டேடியத்தின் நிலத்துக்கும் அதைத் தயார் செய்வதற்கும் நகர அரசு கொடுத்தது, உச்சவரம்பு 15 கோடி டாலர். கட்டடம் மட்டும் கிளப் கணக்கு.

கேள்வி: எவர்டன் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே கழிவுநீர் நிலையம் என்கிறீர்களே, நாறாதா?

நிலையம் ஸ்டேடியத்துக்கு வடக்கே. ஆற்றுப் பக்கமிருந்து மேல்காற்று அடித்தால் கவலையில்லை, நாற்றம் ஊர்ப்பக்கம் போய்விடும். வாடைக்காற்று அடிக்கிற நாளில், பெயருக்கேற்ற வாடை வரலாம்.