அழுதால் கரு தங்காமல் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டாவது முறையாக ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறைக் கருத்தரிப்பு) சிகிச்சையில் இருக்கிறேன். ஊசி போடும் நேரம், ஸ்கேன் தேதி என்பதைத் தாண்டி என் வாழ்க்கையில் எதுவுமே இல்லை. மேற்படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பாட்மிண்டன் ஆடுவதையும் விட்டுவிட்டேன். அடிக்கடி அழுகை வருகிறது. 'மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டால்தான் கரு தங்கும்' என்று எல்லோரும் சொல்வதால், அழுத பிறகு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வைத்துவிடுங்கள். 3,583 பெண்கள் பங்கேற்ற 14 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, சிகிச்சைக்கு முன்பிருந்த மனத்துயரம் அந்தச் சிகிச்சைச் சுற்றில் கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. உங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது மருத்துவ உண்மை அன்று. மேலும், சிகிச்சையில் தரப்படும் ஹார்மோன் மருந்துகளே பலருக்கு எரிச்சலையும் அழுகையையும் தூண்டக்கூடியவை என்பதால், உங்கள் கண்ணீரை மனவலிமைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

விட்டுவிட்டவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கருமுட்டைகளைத் தூண்டும் நாட்களில் சினைப்பை பெரிதாகி, துள்ளி ஆடும்போது முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருப்பதால், பாட்மிண்டனை அப்போது நிறுத்தியது சரியே. ஆனால் அது சில வாரங்களுக்கான தடைதான். மேற்படிப்புக்கோ அத்தகைய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. 'குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடும்போது, பரிசோதனை முடிவு ஒன்றே உங்கள் மதிப்பைச் சொல்லும் அளவுகோலாகிவிடுகிறது. எனவே, முடிவு எப்படி வந்தாலும் தொடரக்கூடிய ஒரு பாடத்தையாவது மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும்போது நான்கு பக்கம் படித்தாலும் போதும்.

கருவைக் கருப்பைக்குள் வைத்த (கரு மாற்றம்) பின், ரத்தப் பரிசோதனை வரை ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருப்பதுதான் மிகக் கடினம். மார்பு வலி, வயிற்று உப்புசம் ஆகியவற்றைப் கரு தங்குவதற்காகத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தும் உண்டாக்கும் என்பதால், உடலின் ஒவ்வொரு அசைவிலும் சகுனம் பார்ப்பதில் பயனில்லை. கருமுட்டை முதிர்வதற்கான எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி போட்டிருந்தால், அதே ஹார்மோனைத் தேடும் சிறுநீர்ப் பரிசோதனையை வீட்டிலேயே அவசரப்பட்டுச் செய்வதும் சில நாட்களுக்குப் பொய்யான நம்பிக்கையைத் தரலாம். நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பதும் கரு தங்க உதவுவதில்லை. வழக்கமான வேலைகளைச் செய்யலாம். முடிவைத் தெரிவிக்கும் தொலைபேசி அழைப்பை யார் எடுப்பது, எந்த நேரத்தில், எங்கே இருந்துகொண்டு என்பதைக் கணவருடன் முன்கூட்டியே பேசி வையுங்கள். அலுவலகக் கூட்டத்தின் நடுவே அதைக் கேட்க நேர்வது கொடுமை.

உறவினர் அனைவருக்கும் தேதி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவரிடம் மட்டும் விவரம் சொல்லி, மற்றவர்களுக்குப் பதில் கூறும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடலாம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே உதவி கேளுங்கள். மனநலத்துக்காக ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், கருவுக்கு ஆகாது என்று நீங்களாகவே அதை நிறுத்திவிடாமல், மனநல மருத்துவர், கருத்தரிப்பு மருத்துவர் இருவரிடமும் சொல்லி முடிவெடுங்கள்.